“வீட்டில் நன்றாக வந்தது”: முதலாண்டு வயலின் மாணவி ஒருத்தியின் முதல் பருவம்

கல்லூரியில் இசையை முதன்மைப் பாடமாக எடுத்துச் சேரும் மாணவருக்குத் தனி வகுப்பு என்பது பெரும்பாலும் வாரம் ஒரு மணி நேரம். துணைப்பாடமாக எடுப்பவருக்கு அரை மணி. மற்ற நாட்களில் அவர் ஒரு சின்னப் பயிற்சி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசிக்கிறார், அல்லது பாடுகிறார். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. என்னிடம் வயலின் பயின்ற ஒரு மாணவியை மையமாக வைத்து எழுதியிருக்கிறேன். அதே பருவத்தில் சக ஆசிரியர் ஒருவரிடம் குரலிசை பயின்ற மாணவன் ஒருவனையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்த்திருக்கிறேன். இருவரும் அனுமதி தந்திருக்கிறார்கள். யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

சிறுவயதிலிருந்தே வயலின் வாசிப்பவள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்காகப் பெரிய கான்செர்ட்டோ (தனிக் கருவியும் ஆர்கெஸ்ட்ரா என்னும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) ஒன்றின் முதல் பகுதியை ஏறக்குறைய ஒரு வருடம் தன் முந்தைய ஆசிரியரோடு உட்கார்ந்து வரி வரியாகத் தயார் செய்திருந்தாள். எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல், வில் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எந்த இடத்தில் சற்றுத் தாமதிக்க வேண்டும் எல்லாமே அந்த ஆசிரியர் பென்சிலால் எழுதிக் கொடுத்தவை. தேர்வில் அருமையாக வாசித்தாள். இவளுக்குக் கல்லூரியில் சிக்கல் வரும் என்று கேட்டவர் யாரும் நினைத்திருக்க மாட்டார்.

நுழைவுத் தேர்வு, தயாரான ஓர் உருப்படியை வாசிக்க முடிகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. அடுத்த உருப்படியை இவர் தானாகக் கற்றுக்கொள்வாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் கல்லூரியின் முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வாரத்துக்கு ஓர் எட்யூட் (பயிற்சிக்கென்றே எழுதிய உருப்படி), இரண்டு மூன்று ஸ்கேல்கள் (ஸ்வர வரிசைகள்), ஒரு சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட நீண்ட உருப்படி), ஆர்கெஸ்ட்ராவில் கொடுத்த பக்கங்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்து சேர்கின்றன. முன்பு ஒரு வருடத்தில் ஒரே உருப்படியைச் செதுக்கியவள், இப்போது ஏழு நாளில் நாலைந்து விஷயங்களைக் கையாள வேண்டும்.

முதல் சில வாரங்கள் ஒரே மாதிரி போயின. வகுப்புக்கு வருவாள், வாசிக்க ஆரம்பிப்பாள், கொஞ்ச தூரத்தில் தடுக்கும். நிறுத்திவிட்டுச் சொல்வாள்: “வீட்ல நல்லா வந்துச்சு மேடம்.”

இசை ஆசிரியர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் வாக்கியம் இது. சாக்கு என்று நினைத்து ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அதை அப்படியே நம்பினேன். தினம் மூன்று மணி நேரம் பயிற்சி செய்வதாகச் சொன்னாள், அதையும் நம்பினேன். அப்படியானால், மூன்று மணி நேரம் உழைத்து வீட்டில் வர வைத்த ஒன்று மறுநாள் வகுப்பில் ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் “இன்னும் நன்றாகப் பயிற்சி செய்” என்று சொல்லி அனுப்புவதில் எந்தப் பயனும் இல்லை.

பார்த்தது

ஒரு வகுப்பின் முதல் இருபது நிமிடங்களை அவளிடமே கொடுத்துவிட்டேன். “நான் இங்கே இல்லைன்னு நினைச்சுக்கோ. வீட்டில எப்படிப் பயிற்சி செய்வியோ அப்படியே செய்” என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். கைபேசியில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

எடுத்தது க்ரூட்சரின் இரண்டாம் எட்யூட். பாரிஸ் கன்சர்வேட்டரியில் வயலின் கற்பித்த ரொடால்ஃப் க்ரூட்சர் 1796 வாக்கில் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது, இன்றும் கல்லூரி மாணவர்கள் அதைத் தாண்டாமல் போவதில்லை. முழுக்க ஒரே அளவிலான வேகமான ஸ்வரங்கள். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத உருப்படி என்பதால்தான் எனக்கு அது பிடிக்கும்.

கை மூன்றாம் பொசிஷனுக்கு, அதாவது கம்பியில் சற்று மேலே உள்ள நிலைக்கு, ஏறும் ஓர் இடத்தில் அவள் விரல் சரியான ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழே விழுந்தது. உடனே விரலை மேலே நகர்த்திச் சரியான ஸ்வரத்துக்குக் கொண்டுவந்தாள். நின்றாள். இரண்டு பார் (தாளக் கட்டம்) பின்னால் போய் மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி கீழே விழுந்தது, மறுபடி நகர்த்தினாள். இப்படியே ஏழெட்டு முறை. கடைசி முறை விரல் நேராகச் சரியான இடத்தில் விழுந்தது. தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.

வீட்டில் நன்றாக வந்தது என்று அவள் சொன்னது அந்தக் கடைசி முறையைத்தான். அது உண்மைதான், வந்தது. ஆனால் அதற்கு முன் ஏழு முறை அவள் கை வேறொன்றைப் பழகியிருக்கிறது: கீழே விழு, பிறகு நகர்த்து. நகர்த்திச் சரிசெய்வதும் அசைவின் பகுதியாகவே கைக்குள் போய்விடுகிறது. காது கடைசியாகக் கேட்ட ஸ்வரத்தை வைத்துச் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஆனால் விரலுக்குப் பழக்கமாவது அது போன வழி முழுவதும்தான். அப்புறம், சரியாக வந்த அந்த ஒரு முறையும் முந்தைய ஏழு முறைகளின் சூட்டில் வந்தது. வகுப்பில் அந்தச் சூடு கிடையாது. மேடையிலும் கிடையாது. இரண்டு இடங்களிலும் கேட்கப்படுவது முதல் தடவை மட்டுமே.

பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். நான் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை ஒலிக்கும்போதே “ஒவ்வொரு தடவையும் ஸ்லைடு பண்றேனே மேடம்” என்றாள். வாசிக்கும்போது அவளுக்கு அது கேட்கவே இல்லை. வில்லையும் விரலையும் ஒரே நேரத்தில் இயக்கிக்கொண்டிருக்கும் மூளைக்குக் கேட்பதற்கென்று மிச்சம் வைக்கும் கவனம் குறைவு. அதனால் இந்த ஒலிப்பதிவைத் தனி வகுப்பின் அடிப்படைக் கருவியாகவே நான் கருதுகிறேன். வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைக் கூட அதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.

ஆய்வுகள் சொல்வது

இசைப் பயிற்சி பற்றிய பேச்சு வந்தால் எல்லோரும் மணிக்கணக்கைத்தான் எடுப்பார்கள். உளவியலாளர் எரிக்சனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு காரணம். பெர்லின் இசைக் கல்லூரியில் மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்தார்கள், இசை ஆசிரியராகப் பயின்றவர்கள் சுமார் 9 மணி நேரம் செய்தார்கள் என்று அதில் வந்தது. படித்தவர்கள் மனதில் மணிக்கணக்கு மட்டும் நின்றுவிட்டது. திருத்திக்கொள்ள வேண்டியதைக் குறிவைத்து முழுக் கவனத்தோடு செய்யும் பயிற்சியைத்தான் அந்தக் கட்டுரை பேசியது என்பது பின்னால் போய்விட்டது.

என் மாணவியின் நிலைக்கு நெருக்கமானது, ராபர்ட் டியூக், சிமன்ஸ், கேஷ் மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு. பதினேழு பியானோ மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோ ஒன்றிலிருந்து மூன்றே பார்களைக் கொடுத்து, திருப்தி வரும்வரை பயிற்சி செய்யச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்க வைத்து வரிசைப்படுத்தினார்கள். எவ்வளவு நேரம் பயிற்சி செய்தார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் வாசித்த தரத்துக்கும் தொடர்பு இருக்கவில்லை. எத்தனை முறை தவறாக வாசித்தார்கள் என்பதற்குத் தொடர்பு இருந்தது. முதலிடங்களில் வந்தவர்களும் ஆரம்பத்தில் தவறு செய்தவர்கள்தான். ஆனால் தவறு வந்தவுடன் அது எங்கே, எதனால் என்று கண்டுபிடித்து, வேகத்தைக் குறைத்து, அதே தவறு மீண்டும் வராதபடி பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்று இசைக்கு வெளியே நடந்தது. ஷே, மார்கன் இருவரும் 1979-இல் கை அசைவுகளைக் கற்பித்துப் பார்த்தார்கள். ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். அசைவுகளைக் கலைத்துப் போட்டு மாறி மாறிச் செய்தவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள். பிறகு சோதித்தபோது, கலைத்துச் செய்தவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். வீட்டில் நன்றாக வருவதும் வகுப்பில் வராமல் போவதும் ஒரே பயிற்சி முறையின் இரண்டு விளைவுகளாக இருக்க முடியும் என்பதை இது எனக்குத் தெளிவாக்கியது.

செய்த மாற்றங்கள்

முதலில் சொனாட்டாவைத் தள்ளி வைத்தேன். இதில் சக ஆசிரியர்கள் எல்லோரும் உடன்படவில்லை. முதலாண்டிலேயே உருப்படிகள் சேர வேண்டும், இல்லாவிட்டால் மாணவருக்கு ஊக்கம் குறைந்துவிடும் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் கற்றுக்கொள்ளும் வழியே சரியில்லாதபோது உருப்படிகளைக் கூட்டினால், சரியில்லாத வழியில்தான் அவள் அத்தனையையும் கற்பாள். எட்யூட், ஸ்கேல், மெதுவான சின்ன உருப்படி ஒன்று. அவ்வளவுதான் கொடுத்தேன்.

அடுத்து அந்த ஏறும் அசைவு. அதைத் தனியே பிரித்து, வயலினின் நான்கு கம்பிகளில் ஒன்றான ஏ கம்பிக்குக் கொண்டுபோனோம். முதல் பொசிஷனில் பி ஸ்வரத்தில் இருக்கும் முதல் விரல், மூன்றாம் பொசிஷனில் டி-க்குப் போக வேண்டும். பார்த்தால், போவதற்கு முன்பே இடது கட்டைவிரல் வயலினின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது. விரல் போகிறது, கட்டைவிரல் பின்தங்குகிறது, கை கீழேயே நின்றுவிடுகிறது. ஆக, இது காதின் கோளாறே அல்ல. எத்தனை முறை ட்யூனரை (சுருதி காட்டும் கருவியை) பார்த்து வாசித்தாலும் தீராது. தாடை ஓய்வையும் தோள் தாங்கியையும் சரிசெய்து, இடது கை பிடிக்காமலேயே வயலின் நிற்கும்படி செய்தோம். பிறகு கம்பியில் அழுத்தத்தை விட்டுவிட்டு, விரல் லேசாகத் தொட்டபடி, முன்கை முழுவதும் ஒன்றாக நகரப் பழகினாள். கட்டைவிரல் கூடவே வந்தது.

நான் இல்லாதபோது சரியா தவறா என்று அவளுக்கு எது சொல்லும்? வயலினே சொல்லும். ஏ கம்பியில் அந்த டி சரியாக விழுந்தால், பக்கத்தில் தொடாமல் இருக்கும் டி கம்பி தானாக அதிர ஆரம்பிக்கும். டி கம்பியின் அதிர்வு வினாடிக்குச் சுமார் 294, விரல் வைத்த டி அதன் இரு மடங்கு, அதனால் இரண்டும் ஒத்து ஒலிக்கும். ஸ்வரம் திறந்து பெரிதாகக் கேட்கும். கொஞ்சம் கீழே விழுந்தாலும் அந்தத் திறப்பு இருக்காது, ஒலி மங்கிவிடும். ட்யூனரின் முள்ளைப் பார்ப்பதைவிட இது பல மடங்கு மேல் என்பது என் கருத்து. கண்ணுக்கு வேலை இல்லை, காது வளர்கிறது, மேடையிலும் இது கூடவே இருக்கும்.

பயிற்சிக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தேன். தினமும் கருவியை எடுத்துச் சுருதி சேர்த்தவுடன், வேறு எதுவும் வாசிக்காமல், அந்த வாரத்தின் கடினமான இடங்களை ஒரே ஒரு முறை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். சூடேறாத கையின் முதல் தடவை. அதுதான் நேற்றைய பயிற்சியின் உண்மையான மதிப்பெண். இரண்டாவது, ஓர் இடம் தவறினால் அதே வேகத்தில் மறுபடி வாசிக்கக் கூடாது. என்ன தவறியது என்று வாயால் சொல்லிவிட்டு, ஏதாவது ஒன்றை மாற்றிய பிறகே வில்லைத் தூக்க வேண்டும்: வேகம், நீளம், விரல், எதுவானாலும். மூன்றாவது, ஓர் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. வேறிடத்துக்குப் போய்விட்டு மறுபடி வரலாம்.

மூன்று மணி நேரத்தை இரண்டாகக் குறைத்தோம், நடுவில் இடைவேளைகளோடு. தனி வகுப்பிலும் பத்து நிமிடம் அவள் பயிற்சி செய்வதை நான் பார்ப்பதற்கென்றே ஒதுக்கினேன். என்ன கேட்டது, என்ன மாற்றப்போகிறாய் என்பதை மட்டும் கேட்பேன். வாசித்துக் காட்டும் ஆசை எனக்கு நிறைய வரும். ஆனால் நான் வாசித்துக் காட்டினால் அந்தக் கணத்தில் அவள் சரியாக வாசிப்பாள், மறுநாள் பயிற்சி அறையில் நான் இருக்க மாட்டேன்.

நடுவில்

பருவத்தின் நடுப்பகுதி கஷ்டமாக இருந்தது. இடம் மாற்றி மாற்றி வாசிப்பதால் பயிற்சி அறையில் எதுவுமே முழுசாக வந்த திருப்தி இல்லை. “முன்னாடியாவது கடைசியில வரும் மேடம், இப்ப எதுவுமே வர்ற மாதிரி இல்ல” என்றாள். அழாத குறை. ஷே, மார்கன் ஆய்வில் கலைத்துச் செய்தவர்களுக்கும் பயிற்சியின்போது இப்படித்தான் இருந்தது என்று விளக்கினேன், ஆனால் ஆய்வைச் சொல்லி ஒருவரைத் தேற்ற முடியாது. அவளுடைய அந்தத் தினசரிப் பதிவுகளைத்தான் வரிசையாகப் போட்டுக் கேட்டோம். ஆரம்ப வாரத்தின் முதல் தடவைக்கும் அந்த வாரத்தின் முதல் தடவைக்கும் இருந்த வித்தியாசம் அவளுக்கே கேட்டது. அதற்குப் பிறகு பழைய முறைக்குத் திரும்புவது பற்றி அவள் பேசவில்லை.

ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சி இருந்த வாரத்தில் கட்டைவிரலின் அடியில் வலி என்றாள். தனிப் பயிற்சியை அந்த வாரம் பாதிக்கும் கீழே குறைத்தோம், வலி போய்விட்டது. முதலாண்டு மாணவரின் கைக்கு ஒத்திகை நேரமும் வாசிப்பு நேரம்தான். தனி வகுப்பு ஆசிரியர்கள் அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். வலி ஓய்வுக்குப் பிறகும் நீடித்திருந்தால் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

குரலிசை மாணவன்

சக ஆசிரியரிடம் பயின்ற பாரிடோன் (நடுத்தர உயர ஆண் குரல்) மாணவனும் இதே பழக்கத்தோடுதான் வந்தான். மேல் ஸ்வரங்கள் உள்ள வரியை வரும்வரை திரும்பத் திரும்பப் பாடுவான், வராவிட்டால் இன்னும் சத்தமாகப் பாடுவான். வயலினுக்கு ஏழெட்டுத் தவறான தடவைகள் என்றால் ஒரு கெட்ட பழக்கத்தோடு போய்விடும். குரலுக்கு அது உடம்பையே தொடும். பியானோவின் நடுவில் உள்ள மத்திய சி-க்குக் கீழே உள்ள ஏ ஸ்வரத்தைப் பாடினால் குரல் நாண்கள் வினாடிக்கு 220 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த உயரத்தில் இறுக்கத்தோடு மணிக்கணக்கில் பாடினால் என்ன ஆகும்? அடிக்கடி கரகரத்த தொண்டையோடு வகுப்புக்கு வந்தான்.

என்னால் என் மாணவியின் கட்டைவிரலைத் தொட்டுக் காட்ட முடிந்தது. குரலிசை ஆசிரியருக்கு அந்த வசதி கிடையாது. கருவி மாணவனின் கழுத்துக்குள் இருக்கிறது. மானுவெல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854-இல் கண்ணாடிகளை வைத்துத் தன் தொண்டைக்குள் குரல் நாண்கள் அசைவதைப் பார்த்தார். மருத்துவர்கள் இன்று பயன்படுத்தும் குரல்வளை நோக்கியின் கதையில் அது ஒரு பெரிய கட்டம். அதைத் தேடிப் போனவர் ஒரு பாட்டு வாத்தியார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கூடவே, பாடுபவர் தன் குரலை எலும்பு வழியாகவும் கேட்கிறார், அதனால் அவருக்குக் கேட்பது அறையில் கேட்பது அல்ல. வயலின் மாணவியைவிட இவனுக்கு ஒலிப்பதிவு அதிகம் தேவைப்பட்டது.

ஆசிரியர் அவன் பாடும் நேரத்தை ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்குள் கட்டுப்படுத்தினார், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. மிச்ச வேலையெல்லாம் சத்தமில்லாத வேலை: சொற்களைத் தாளத்தோடு பேசிப் பழகுவது, பொருள் புரிந்துகொள்வது, பியானோவில் தன் வரியை வாசிப்பது, மனதுக்குள் பாடுவது. சூடேற்றுவதற்கு மெல்லிய உறிஞ்சுகுழாய் வழியாக ஒலி எழுப்பும் பயிற்சி. முதல் தடவைப் பதிவு இவனுக்கும் உண்டு, ஆனால் குரலைச் சூடேற்றிய பிறகு. சூடேறாத குரலில் மேல் வரியைப் பாடவைத்துச் சோதிப்பது சரியல்ல. இரண்டு மூன்று வாரத்தில் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவைத்தார். அதற்குத் தேவை வரவில்லை.

பருவ இறுதி

பருவ முடிவில் ஆசிரியர் குழுவின் முன்னால் வாசிப்பு. மாணவி இரண்டு ஸ்கேல்கள், க்ரூட்சர், அந்த மெதுவான உருப்படி மூன்றையும் வாசித்தாள். க்ரூட்சரில் ஏறும் இடங்கள் நேராக விழுந்தன. ஓரிடத்தில் வில் நடுங்கியது, நிற்காமல் போனாள். மெதுவான உருப்படியில் ஒலி அழகாக இருந்தது என்று குழு எழுதியது. உருப்படிகள் குறைவு என்றும் எழுதியது, அது எதிர்பார்த்ததுதான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது குழுவுக்குத் தெரியாத ஒன்று. தேர்வுக்கு முன் கடைசி வகுப்பில் நான் கொடுக்காத ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தாள். ஆர்கெஸ்ட்ராவின் அடுத்த நிகழ்ச்சிக்கானது. விரல் எண்களைத் தானே எழுதியிருந்தாள். இரண்டு இடங்களில் அழித்து மாற்றி எழுதிய தடம் இருந்தது. ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். முதலில் எழுதிய விரலில் மெதுவாக வந்தது, வேகத்தில் கட்டைவிரல் மாட்டிக்கொண்டது என்றாள்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பார்த்தவுடன் வாசிப்பதில் இன்னும் பின்தங்கியிருக்கிறாள், அதற்கு இந்தப் பருவத்தில் நேரமே ஒதுக்க முடியவில்லை. ஐந்து நிமிட விதி எட்யூடுக்கு ஒத்துவந்த அளவுக்கு நீண்ட உருப்படிக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன். உருப்படியின் ஒரு முழுப் பகுதியையும் நிற்காமல் வாசிக்கும் தெம்பைத் துண்டு துண்டான பயிற்சி தராது. அடுத்த பருவத்தில் தள்ளி வைத்த சொனாட்டாவை எடுக்கிறோம். அதில் வில் குறிகளையும் விரல் எண்களையும் அவளே எழுத வேண்டும், நான் மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் பென்சிலை எடுப்பேன். பியானோ கலைஞரோடு ஒத்திகையையும் வழக்கத்தைவிட முன்கூட்டியே, நான்காம் வாரத்திலேயே வைத்திருக்கிறேன். இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போது நின்று திருத்த முடியாது, முதல் தடவையிலேயே போயாக வேண்டும்.